பதினேழாம் குழாய்

குழாயில் கோடு போடுவதுதான் என் வேலை.
நாள் கூலி அறுநூறு, மதியச் சோறு தனி.
தோணித்துறைக்கு மேற்கே, வடகடல் சேற்றில்
ஒரு முழக் குழாயை இறக்கி, தூக்கி,
அதே குழிக்குள் அடுத்ததை இறக்க வேண்டும்.
இறக்குமுன் ஒவ்வொன்றிலும்
வடக்கைப் பார்த்த பக்கத்தில் சிவப்பு மைக்கோடு.

எதற்கு என்று மூன்றாம் நாள் கேட்டேன்.
நிலோபர் மேடம் சேற்றுக் கையோடு சொன்னார்:
கண்ணுக்குத் தெரியாத இரும்புத்தூள்
சேற்றோடு சேர்ந்து அடியில் படியும்போது
அன்றைக்கு எது வடக்கோ
அங்கே தலைவைத்துப் படுக்கும்.
பிறகு புரளாது.
வடக்கே தலைவைக்காதே என்று
அடிவாங்கி வளர்ந்தவன் நான். சிரிப்பு வந்தது.

ஏழு லட்சத்து எண்பதாயிரம் வருசத்துக்கு முன்
கடைசியாகத் திரும்பியதாம்.
அதற்கு முன்னால் திசைகாட்டி இருந்திருந்தால்
வடமுனை தெற்கே நின்றிருக்கும்.
ஒரே ராத்திரியிலா?
இல்லை. ஆயிரக்கணக்கான வருசம்
மெலிந்து, தள்ளாடி,
நாலைந்து பக்கம் வடக்கு முளைத்து.
கச்சான் போய் வாடை வராத
அந்தப் பத்துநாள் கடல் மாதிரி என்று
நானாக வைத்துக்கொண்டேன்.

மண்டபத்துக்காரனுக்குத் திரும்புவது புதிதா என்ன.
கச்சான் எழுந்தால் வடகடல்,
வாடை விழுந்தால் தென்கடல்.
பாம்பன் பாலத்துக்கு முன்னால்
படகெல்லாம் வரிசைகட்டிக் காத்துக்கிடந்து
வருசத்துக்கு இரண்டுமுறை ஊரே முகம் மாற்றும்.
கொல்லை வாசலாகும். வாசல் கொல்லையாகும்.
நாய்கூட வேறு கரையில் போய்ப் படுக்கும்.

ஐப்பசி மழையில் போன் வந்தது.
'பதினேழில் வடக்கு தெற்காக இருக்கிறது.
அந்தச் சேற்றுக்கு ஏழாயிரம் வயதுதான்.
அந்த வயதில் பூமி திரும்பவில்லை.
யோசித்துச் சொல்லுங்கள்.'

வேறு ஊராக இருந்தால்
முள் குனிவதும் நிமிர்வதும் காட்டிக்கொடுத்துவிடுமாம்.
இங்கே பூமியின் இடுப்புக்குப் பக்கத்தில்
சரக்கு வைக்காத தராசுபோல்
மட்டமாய்க் கிடக்கிறது.
கோடு ஒன்றுதான் சாட்சி.
போட்டவன் நான்.

மாசி மாதம், மணி நாலு.
நம்புராஜன் போன படகு
விடியலிலேயே வந்திருக்க வேண்டும்.
தென்கடல். எஞ்சின் பழுதா,
எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டானா.
தண்ணீரில் போட்ட அந்தக் கோடு
பிடிபட்டவனுக்குத்தான் தெரியும்.
இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு
முதுகுக்குப் பின்னால் இருந்த கடலை
திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.
தென்னைகளுக்கு மேல் ஒரு பருந்து, வேறொன்றுமில்லை.
கை பாட்டுக்கு மையைத் தொட்டது.
நான் பார்த்த பக்கமே
குழாய்க்கும் வடக்கானது.

ராத்திரி பதினொன்றுக்கு வந்தான்.
விசிறியில் வலை சுற்றிக்கொண்டதாம்.
ஆறு கிலோ நண்டு. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.
அறைந்தேன்.
குழாயை மறந்தே போனேன்.

போனில் எல்லாவற்றையும் சொன்னேன், நண்டு உட்பட.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மழைச்சத்தம்.
'சரி, நூற்றெண்பது டிகிரி
திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்' என்றார்.
அது ஒரு பொத்தானாம்.

உண்மையாகவே திரும்பிய காலத்தில்
பேராமை எந்த மணலைத் தேடி வந்திருக்கும்?
பொத்தான் இல்லை. சொல்வாரும் இல்லை.
போகப் போக வேறொரு கரையில் முட்டையிட்டிருக்கும்.
அதன் குஞ்சுக்கு அதுதான் ஊர்.

வைக்கப்போகும்போது மேடம் கேட்டார்:
குறிப்பேட்டில் திருத்தம் எழுதவேண்டும்.
பதினேழு, கோடு தெற்கில்.
காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது,
என்ன போட?

தம்பி வரவில்லை, என்றேன்.

பேனா ஓடும் சத்தம் கேட்டது.